தி.நகர் குறுக்குத் தெரு: பூந்தொட்டியைத் தூக்கிவிட்டார்கள், ஸ்டில்ட்டை யார் கேட்பது?

மாம்பலத்துக்காரன் · ஆடி 2ஆம் ஞாயிறு, இரவு 9.12

இன்று காலை போக்குவரத்துப் போலீசும் மாநகராட்சி லாரியுமாக வந்து எங்கள் வாசலில் இருந்த இரண்டு சிமென்ட் தொட்டிகளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றில் செம்பருத்தி, இன்னொன்றில் நந்தியாவட்டை. நந்தியாவட்டை அம்மா வைத்தது. கெஞ்சிக் கேட்டதில் செடிகளை மட்டும் மண்ணோடு பெயர்த்துக் கொடுத்தார் ஓர் ஊழியர். நல்ல மனிதர்.

தெருவில் தொட்டி வைப்பது தப்பு. தெரிந்துதான் வைத்தேன். ஏன் வைத்தேன் என்பதைக் கேளுங்கள்.

உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு. 1983இல் அப்பா கட்டிய வீடு. எதிரே ஒன்றே முக்கால் கிரவுண்டில் ஒரு தனி வீடு இருந்தது, முன்னால் ஒரு மாமரம். மூன்று வருடம் முன்பு கைமாறியது, இடித்தார்கள், ஸ்டில்ட் பிளஸ் மூன்று (கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் தளம், மேலே மூன்று மாடி) எழும்பியது. போர்டில் எட்டுக் குடியிருப்பு என்று போட்டிருந்தது. வேலை முடிகிற நேரத்தில் மீட்டர் பெட்டி மாட்டினார்கள். எட்டு வீட்டுக்கு எட்டு, பொதுவுக்கு ஒன்று, ஆக ஒன்பது இருக்க வேண்டும். எண்ணினால் 14. "இது வீடு இல்லைங்க" என்று மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

இப்போது முதல் மாடியில் பிளவுஸ் தைக்கும் யூனிட். இரண்டாவதில் ஏதோ அலுவலகம். மூன்றாவதில் ஆண்கள் விடுதி. கார் நிற்க வேண்டிய ஸ்டில்ட்டில் ஷட்டர் போட்டுத் துணி குடோன். அங்கே வருகிற வண்டியெல்லாம் என் கேட்டில் நிற்கிறது. ஆடித் தள்ளுபடி தொடங்கிய நாளிலிருந்து நான் காரை எடுத்து வெளியே போனது இரண்டே தடவை. இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது உள்ளே விட வழியில்லாமல் கோடம்பாக்கம் தம்பி வீட்டில் நிறுத்திவிட்டு ஆட்டோவில் வந்தேன்.

தொட்டிக்கு லாரி வருகிறது. அந்த ஷட்டருக்கு எது வரும்?

---

டிராப்ட்ஸ்மேன் · திங்கள், காலை 7.30

சார், பிளான் போட்டுப் பிழைக்கிறவன் நான், இருபது வருடமாக. உங்கள் எதிர்வீட்டின் கதையைப் படிக்காமலே சொல்லியிருப்பேன். எட்டு வீடு, 750 சதுர மீட்டருக்குள், உயரமும் அளவுக்குள். சரியா? அந்த வரம்புக்குள் இருக்கிற குடியிருப்புக்குக் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் தேவையில்லை என்று விதியில் சலுகை உண்டு. சொந்தத்துக்குச் சின்னதாகக் கட்டுகிறவர் அலையக் கூடாது என்று கொடுத்தது. நடைமுறையில் என்ன ஆகிறது? கட்டி முடித்தபின் பிளானையும் கட்டடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. சர்டிபிகேட் கேட்காமலே கரண்ட் கனெக்‌ஷன் கிடைத்துவிடும். அப்புறம் ஷட்டர் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் உங்கள் தெரு எந்த மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, சென்னைக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்)தான் இன்றைக்கும் அடிப்படை. அதில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நிலப் பயன்பாடு உண்டு. பட்டாவில் இருக்கிற டவுன் சர்வே எண், பிளாக் எண் இரண்டையும் வைத்து சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) வரைபடத்தில் தேடினால் கிடைத்துவிடும். கலப்புக் குடியிருப்பு என்றால் தையல் யூனிட்டையும் அலுவலகத்தையும் கேட்டு ஒன்றும் ஆகாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "குடியிருப்புப் பகுதியில் கடை" என்று மனு போடுவார்கள், "அனுமதிக்கப்பட்ட பயன்பாடு" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

நீங்கள் பிடிக்க வேண்டியது ஸ்டில்ட்டை. மண்டலம் எதுவானாலும் பிளானில் பார்க்கிங் என்று காட்டிய இடத்தில் குடோன் வைக்க முடியாது. ஸ்டில்ட்டை எஃப்.எஸ்.ஐ. கணக்கில், அதாவது ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு பரப்பு கட்டலாம் என்ற கணக்கில், சேர்க்காமல் விட்டதே அங்கே வண்டி நிற்கும் என்பதற்காகத்தான். இலவசமாகக் கிடைத்த தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு வண்டிகளைத் தெருவுக்குத் தள்ளியிருக்கிறார் ஓனர். உங்கள் கேட்டில் நிற்கிற கார் உண்மையில் அந்த ஷட்டருக்குப் பின்னால் நிற்க வேண்டியது.

கட்டும்போது வைத்த போர்டின் போட்டோ இருக்கிறதா? அனுமதி எண் அதில் இருக்கும்.

---

சும்மாவந்தேன் · திங்கள், காலை 8.05

இந்தக் கணக்கில் பார்த்தால் தி.நகரையே மொத்தமாகப் பூட்டி சாவியை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

---

கோலப்பொடி · திங்கள், மதியம் 2.20

பூட்டட்டுமே! எங்கள் தெரு பனகல் பார்க் பக்கம். ஒரு பக்கம் மெட்ரோ வேலைக்குச் சாலையை அடைத்ததில் வண்டியெல்லாம் உள்தெருவுக்குள் வருகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வேலை ஒரு நாள் முடியும்.

காலை ஐந்தரைக்கு வாசல் தெளிக்கப் போனால் கோலம் போட இடமில்லை. ராத்திரி நிறுத்திய கார் அப்படியே நிற்கிறது. பம்பருக்குக் கீழே கையை விட்டு நாலு புள்ளி வைத்துவிட்டு வருவேன். இரண்டு வருடமாகக் கேட்டுக்கு உள்ளே, சரிவில், கோணலாகப் போடுகிறேன். சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

மாமனாருக்கு மூச்சுத் திணறல் வந்த அன்று 108 வண்டி தெருமுனைக்கு ஆறேழு நிமிடத்தில் வந்துவிட்டது. உள்ளே வர முடியவில்லை. இரண்டு பக்கமும் கார், நடுவில் தண்ணீர் லாரி. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு அந்தப் பையன்கள் ஓடினார்கள். ஒரு காரின் கண்ணாடி உரசி மடங்கியது. அந்தக் கார்க்காரர் பிறகு வந்து எங்களிடம் சண்டை போட்டார். மாமனார் பிழைத்துக்கொண்டார், அதனால்தான் இதைக் கோபத்தோடு நிறுத்திக்கொள்ள முடிகிறது.

---

நெல்லைச்சீமை · திங்கள், இரவு 11.48

கடை மூடி இப்போதுதான் ரூமுக்கு வந்தேன் அண்ணாச்சி. நீங்கள் சொல்கிற அந்த மாதிரி விடுதியில்தான் நானும் இருக்கிறேன், ஒருவேளை உங்கள் எதிர்வீடாகவேகூட இருக்கலாம். உஸ்மான் சாலையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன்.

எங்கள் ரூம் பத்துக்குப் பன்னிரண்டு. ஆறு பேர். டிராப்ட்ஸ்மேன் அண்ணனிடம் ஒரு கேள்வி: ஒரு காருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது?

விடுதியில் ஒருத்தனிடமும் கார் கிடையாது. டூ வீலர் இரண்டு பேரிடம் உண்டு. நாங்கள் நடந்து போகிறோம், ஊருக்குப் போனால் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ஆகாய நடைபாதையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். "விடுதியை மூடு" என்று மனு போட்டால் முதலில் தெருவில் நிற்கப் போவது காரல்ல, நாங்கள்தான்.

---

டிராப்ட்ஸ்மேன் · செவ்வாய், காலை 7.10

இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், தம்பி. பன்னிரண்டரை சதுர மீட்டர். சதுர அடியில் சொன்னால் சுமார் 134.

---

நெல்லைச்சீமை · செவ்வாய், காலை 7.16

எங்கள் ஆறு பேருக்கு 120. சரி, கடைக்கு நேரமாகிவிட்டது.

---

மாம்பலத்துக்காரன் · செவ்வாய், காலை 10.00

தம்பி, விடுதியைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மேலே துணி காயப்போடும் பையன்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. போன மழையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஃபிரிட்ஜைத் தூக்கி மேசைமேல் வைத்தது அவர்கள்தான்.

டிராப்ட்ஸ்மேன் சார், போட்டோ தேடிப் பார்க்கிறேன்.

---

ஃபால்ஸ் ஓரம் · செவ்வாய், மாலை 6.40

எல்லாரும் கடைக்காரனைத் திட்டுகிறீர்கள், ஒரு கடைக்காரனும் பேசட்டும். சேலைக்கு ஃபால்ஸ் வைத்துக் கொடுக்கும் சின்னக் கடை எனக்கு, எட்டடி அகலம். வாடிக்கையாளர் வண்டியை எங்கே விடுவார்? "பத்து நிமிஷம்தான் அண்ணே" என்பார். அந்தப் பத்து நிமிஷத்தில் பக்கத்துக் கடையில் இரண்டு மணி நேரம் சேலை எடுப்பார்.

தணிகாசலம் சாலையில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். 222 காரும் 513 டூ வீலரும் நிற்க இடம். என்னிடம் வருகிறவர்களிடம் அங்கே விடச் சொன்னால், "அவ்வளவு தூரமா?" என்பார்கள். அந்த அவ்வளவு தூரத்தை விட அதிகமாகக் கடைக்குள்ளேயே மாடி மாடியாக ஏறி இறங்குகிறார்கள்! தெருவில் சும்மா விட இடம் கிடைக்கிற வரை காசு கொடுத்து யார் மாடி ஏற்றுவார்? மாநகராட்சி கட்டணம் வசூலித்தபோது தெருவோரத்துக்கே காருக்கு மணிக்கு 20 ரூபாய்தான். ஒரு காபி விலை. குறுக்குத் தெருவில் அதுவும் கிடையாது.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தபோது வியாபாரம் படுத்துவிடும் என்று கொடி பிடித்தவர்களில் நானும் ஒருவன். படுக்கவில்லை. குழந்தை குட்டியோடு மக்கள் நிதானமாக நடக்கிறார்கள், உட்காருகிறார்கள். ஆனால் அங்கே இடம் இல்லாமல் போன கார்கள் எங்கே போயின என்று எவரும் கேட்கவில்லை. எங்கள் குறுக்குத் தெருவுக்குத்தான் வந்தன.

---

ஒசாகா தமிழன் · புதன், அதிகாலை 4.30

நான் வளர்ந்தது மேற்கு மாம்பலம், இப்போது ஜப்பானில். இங்கே கார் வாங்கப் போனால் முதலில் கேட்பது, எங்கே நிறுத்துவாய் என்பதைத்தான். 1962இல் போட்ட சட்டம். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இடம் காட்ட வேண்டும். இடத்தின் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட தாள், அப்புறம் நாமே வரைந்த படம்: நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, முன்னால் உள்ள சாலை இவ்வளவு. இதை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். ஆள் வந்து பார்த்தும் போவார்கள். என் படத்தில் ஒரு அளவைத் தப்பாகப் போட்டுவிட்டேன், திருத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

அதைவிட முக்கியம் இன்னொன்று: தெருவையே வீட்டு ஷெட்டாக வைத்துக்கொள்ள முடியாது. ஒரே இடத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், ராத்திரியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினாலே குற்றம். மாத வாடகைக்கு ஒரு கட்டம் எடுத்திருக்கிறேன். வலிக்கத்தான் செய்கிறது. அதனால்தான் வீட்டில் இரண்டாவது கார் இல்லை.

---

சும்மாவந்தேன் · புதன், காலை 8.00

நம்மூரில் இந்தச் சட்டம் வந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் பார்க்கிங் சான்றிதழ் ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். ஒரே காலிமனைக்கு நாற்பது கார்.

---

டிராப்ட்ஸ்மேன் · புதன், காலை 8.25

கிடைக்கலாம். ஆனாலும் யோசனை இங்கேயும் வராமல் இல்லை. கும்டா (சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்) தயாரித்த பார்க்கிங் கொள்கைப் பேச்சிலேயே கார் பதிவுக்கு நிறுத்துமிடச் சான்று கேட்பது அடிபட்டது. எனக்கு அதில் ஒரு பயம்தான். சான்று கேட்டால் ஒவ்வொரு பில்டரும் ஸ்டில்ட்டைக் கட்டம் கட்டமாக எழுதி விற்கப் பார்ப்பான். ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடம், தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. இன்றும் "கவர்டு கார் பார்க் இவ்வளவு லட்சம்" என்று கொட்டேஷனில் தனி வரி வருகிறது. வாங்குகிறவரும் கொடுக்கிறார்.

---

நடுத்தெரு நாராயணன் · புதன், இரவு 8.15

குடியிருப்பவருக்கு ஸ்டிக்கர் கொடுத்துவிட்டு மற்ற வண்டிகளைத் தெருவுக்குள் விடாமல் செய்தால் என்ன? கேட் போட்டு வாட்ச்மேன் வைக்கலாம். வீட்டுக்கு ஐநூறு வசூலித்தால் முடிந்தது. எங்கள் சங்கத்தில் இதைத்தான் பேசுகிறோம்.

---

ஃபால்ஸ் ஓரம் · புதன், இரவு 8.50

பொதுத் தெருவுக்குக் கேட் போட நீங்கள் யார் சார்? அப்புறம் என் கடைக்கு வருகிறவர் உங்கள் வாட்ச்மேனிடம் பெயர் எழுதிவிட்டு வர வேண்டுமா?

---

கோலப்பொடி · புதன், இரவு 9.05

நாராயணன் சார், உங்கள் வீட்டிலேயே எத்தனை கார்? போன இழையில் மூன்று என்று எழுதியதாக ஞாபகம். உள்ளே ஒன்று, வெளியே இரண்டு. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் வெளியே நிற்கிற இரண்டுக்கும் பட்டா கிடைத்த மாதிரி. மாநகராட்சி காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கர், இரண்டாவது வண்டிக்கு மூன்று மடங்கு என்று கொடுத்தால் பேசலாம். சங்கம் கொடுக்கிற ஸ்டிக்கர் வேண்டாம்.

---

நடுத்தெரு நாராயணன் · புதன், இரவு 9.20

மகன் கார் ஒன்று, மாப்பிள்ளை வந்து போகிற கார் ஒன்று. அதையெல்லாம் எண்ணக் கூடாது அம்மா.

---

பழைய ஃபைல் · வியாழன், மாலை 5.00

ஓய்வு பெற்ற குமாஸ்தா. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

1920களில் பெரிய ஏரியைத் தூர்த்து மனை பிரித்து உண்டாக்கிய பேட்டை இது. நடுவில் பூங்கா, அதிலிருந்து விசிறி மாதிரி சாலைகள். அன்றைய கணக்கில் தாராளமான அகலம். அந்தத் தெருக்கள் எல்லாமே தனி வீட்டுக்குப் போட்டவை. வீட்டுக்கு மேல் வீடு வந்தது, வீட்டுக்குக் கீழ் கடை வந்தது. தெரு மட்டும் ஒரு அடி வளரவில்லை.

சரி, விதி மீறியவர்களை யாராவது கேட்டார்களா என்றால், கேட்கப் பார்த்தார்கள். 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டியதையெல்லாம் பணம் கட்டி வரன்முறைப்படுத்தலாம் என்றார்கள். ஒரே தடவைதான் என்றார்கள். பிறகு மூன்று முறை தேதியைத் தள்ளினார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்று அடித்து, கண்காணிப்புக் குழுவும் அமைத்தது. சீல் வைக்க ஆள் கிளம்பியதும் 2007இல் அவசரச் சட்டம் வந்து நடவடிக்கையை நிறுத்தியது. 2012இல் 113சி. இந்த முறை 2007 ஜூலை 1க்கு முந்தைய கட்டடங்கள்.

கட்டுகிறவனுக்கு இதில் என்ன செய்தி போகிறது? பொறுத்திரு, அடுத்த தேதி வரும். நோட்டீஸ் வந்தால் பயப்படுகிறவன் புதிதாக வீடு கட்டுகிற வாத்தியார் மட்டும்தான். 56, 57 பிரிவுகளில் இடிக்கவும் பூட்டி சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. சீல் வைத்த மறுநாள் அரசிடம் மேல்முறையீடு போவார்கள். ஃபைல் தூங்கும். நானே எழுப்பிவிட்ட ஃபைல்கள் உண்டு, திரும்பப் படுத்துக்கொண்டன.

---

நெறியாளர் · வியாழன், இரவு 10.30

"தெருவில் நின்ற கார்" என்று ஒருவர் நம்பர் பிளேட் தெரியும் படம் போட்டிருந்தார். நீக்கியாயிற்று. கட்டட உரிமையாளரின் பெயரையும் போன் நம்பரையும் போட்ட பதிவும் போயிற்று. பிரச்சினையைப் பேசுங்கள், ஆளைப் பேச வேண்டாம்.

---

மாம்பலத்துக்காரன் · மறு திங்கள், இரவு 9.40

போட்டோ கிடைத்துவிட்டது! மாமரத்தை வெட்டிய அன்று மனைவி மனசு கேட்காமல் மொபைலில் எடுத்து வைத்திருக்கிறாள். கிளைக்கு நடுவில், மரத்திலேயே கம்பி கட்டித் தொங்கவிட்ட போர்டு. பெரிதாக்கிப் பார்த்தால் அனுமதி எண் கடைசி ஒரு இலக்கத்தைத் தவிரத் தெரிகிறது. பத்து எண்தானே, போட்டுப் பார்த்துவிட்டோம். நிலப் பயன்பாடு, டிராப்ட்ஸ்மேன் சார் சொன்ன மாதிரியே கலப்புக் குடியிருப்பு.

மனுவில் இரண்டே வரி எழுதினேன். பிளானில் ஸ்டில்ட் வாகன நிறுத்தம். நடப்பில் ஷட்டரோடு குடோன். மீட்டர் படமும் ஷட்டர் படமும் இணைப்பு. விடுதி, தையல் யூனிட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

---

டிராப்ட்ஸ்மேன் · மறு திங்கள், இரவு 10.02

அருமை. ஒரே பிரதியோடு விடாதீர்கள். மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, சி.எம்.டி.ஏ. அமலாக்கப் பிரிவுக்கு ஒன்று. மாநகராட்சியின் புகார் எண் 1913இலும் பதிவு செய்து எண் வாங்கி வையுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றால் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு: என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன? பிளான் நகல் கேட்காதீர்கள், மூன்றாம் நபர் என்று தட்டிக்கழிப்பார்கள். ஏரியா சபை (வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டம்) கூடினால் அங்கேயும் எழுந்து சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறும். 2022 நவம்பரிலிருந்து இந்தச் சபைகள் நடக்கின்றன, போகிறவர்கள்தான் குறைவு.

---

கோலப்பொடி · மறு செவ்வாய், காலை 6.15

போனேன் ஒரு தடவை. எங்கள் சபையில் பதினேழு பேர், அதில் ஐந்து பேர் மாநகராட்சி ஊழியர்கள். டீ நன்றாக இருந்தது.

---

மாம்பலத்துக்காரன் · புரட்டாசி, வெள்ளி, இரவு 8.30

இழையை மேலே கொண்டுவருகிறேன், பலர் தனிச்செய்தியில் கேட்டார்கள்.

ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்தார். டேப் பிடித்து அளந்தார். நோட்டீசை ஷட்டரிலேயே ஒட்டினார்கள். நான்காம் நாள் ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது, உள்ளே வெறும் தரை. வெள்ளை பெயின்ட்டில் கட்டம் போட்டு ஏழு எண் எழுதியிருந்தார்கள். மூன்று கார் உள்ளே போயிற்று. அன்று மாலை என் கேட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெளியே போக வேலை இல்லாவிட்டாலும் காரை எடுத்து பனகல் பார்க்கைச் சுற்றிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் கட்டத்தில் இப்போது மறுபடி மூட்டை இருக்கிறது. ஆறிலும் ஏழிலும்கூட. தீபாவளிச் சரக்கு, பதினைந்து நாளில் எடுத்துவிடுவோம் என்று வாட்ச்மேன் சொல்கிறார். படம் எடுத்துத் தேதியோடு வைத்திருக்கிறேன். இரண்டாவது மனு டைப் ஆகிக்கொண்டிருக்கிறது.

நெல்லைச்சீமை தம்பியைத் தேடினேன். எதிர்வீட்டு விடுதி இல்லையாம், நடேசன் தெருப் பக்கமாம். நந்தியாவட்டையை மாடியில் வாளியில் வைத்திருக்கிறோம், பூத்திருக்கிறது.

---

நெல்லைச்சீமை · புரட்டாசி, சனி, அதிகாலை 12.20

அண்ணாச்சி, கட்டம் ஏழும் காலியானால் சொல்லுங்கள். எங்கள் ரூமில் ஒருத்தன் பழைய டூ வீலர் வாங்கியிருக்கிறான். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.